கிணற்றடிக்குத் திரும்பாத கணக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எவரும் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தன் தொழிலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவரின் தலையிலேயே வைத்தது. அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றி ஒரு வாக்கியம் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கு அது. நான்கில் மூன்று பங்கு.

இந்தக் கணக்கை எடுத்தது பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ இல்லை. பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு எடுத்தது. ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை எண்ணி, நல்ல தண்ணீர் எது, கெட்டது எது என்று பிரித்த ஓர் எளிய அட்டவணை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கிணற்றடியில் பிறந்த தகவல் அதிகாரத்தின் உச்சிக்கு ஏறிய அரிய நிகழ்வு இது. அதன் பிறகு அதே கிணறுகளைப் பற்றி அறிவியலாளர்கள் கண்டறிந்தவை, அந்தக் கிணற்றுக்காரர்களிடம் எவ்வளவு வந்து சேர்ந்தன? ஆய்வறிவைச் சமூகத்துக்குப் பயன்படச் செய்வது பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, திண்டுக்கல் சமவெளியை வைத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியைக் கேட்பது தெளிவைத் தரும்.

தோலும் உப்பும்

திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்திய தென்னிந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் நூறாண்டுக்கு மேலாகப் பெயர் உண்டு. பட்டைச் சாற்றில் பதப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்புகள் வந்ததும் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. உற்பத்தி பெருகியது, கழிவும் பெருகியது. தோல் ஷாப் தொழிலாளரின் வாழ்வைத் தமிழ் வாசகர் அறிந்தது பெரும்பாலும் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் வழியாகத்தான். 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. தொழிலாளியின் கதையை இலக்கியம் கொண்டுவந்து சேர்த்தது. தண்ணீரின் கதைக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

தண்ணீரின் கதை இதுதான். பச்சைத் தோல் அழுகாமலிருக்க நிறைய உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடுவதற்கு முன் அதை ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறும். சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைப் பெருமளவு வண்டலாகப் பிரித்துவிடலாம். அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கரைந்துபோன உப்பை இந்த முறைகள் தொடுவதில்லை. அதை எடுக்க சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் வேண்டும், அதற்குச் செலவு அதிகம். அதனால் பார்வைக்குத் தெளிந்த நீரும் பயிருக்கு ஆகாததாக இருக்க முடியும்.

இதோடு நிலத்தடியின் அமைப்பும் சேர்கிறது. திண்டுக்கல் சமவெளி பழமையான கடினப் பாறைகளின் மேல் இருக்கிறது. மணற்பாங்கான ஆற்றுப்படுகையைப் போல இங்கே நீர் சீராகப் பரவுவதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே அது நகர்கிறது. ஒரு கிணறு உப்பாகி, கூப்பிடு தூரத்திலுள்ள இன்னொன்று நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 'இந்த வட்டாரத்தில் நீர் மாசடைந்துள்ளது' என்ற பொது வாக்கியம் ஒரு குடும்பத்துக்கு உதவாததும் இதனால்தான். அவர்களுக்குத் தெரிய வேண்டியது தங்கள் கிணற்றின் நிலை.

ஆய்விதழில் ஒரு திண்டுக்கல்

தீர்ப்புக்குப் பிறகு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கொடகனாற்றின் மேல்படுகையில் விரிவாக ஆய்வு செய்தார்கள். திண்டுக்கல்லையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய அவர்களுடைய கட்டுரை ஒன்று 2005இல் 'என்விரான்மென்டல் ஜியாலஜி' என்ற பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. ஏறத்தாழ 80 தோல் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதைக் கிணறு கிணறாக எடுத்த மாதிரிகளைக் கொண்டு அது காட்டியது. தென்பக்கத்து நிலக்கோட்டை வட்டாரத்தில் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு பற்றியும் ஆய்விதழ்களில் கட்டுரைகள் உண்டு. காந்திகிராம கிராமிய நிறுவனத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்டத்துக்காக இந்த மாவட்டத்து மண்ணையும் நீரையும் மக்களையும் ஆராய்ந்தவர்கள் பலர்.

நேர்மையான உழைப்பு இது. ஆனால் அதன் பயணத் திசையைக் கவனிக்க வேண்டும். மாதிரி திண்டுக்கல் கிணற்றில் எடுக்கப்படுகிறது, ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகிறது, ஐரோப்பியப் பதிப்பகத்தின் இதழில் ஆங்கிலத்தில் அச்சாகிறது. சந்தா கட்டாத ஒருவர் அந்த இதழின் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஆய்வுக்கு வரிப்பணம் தந்தவரும், கிணற்றில் வாளி இறக்க அனுமதி தந்தவரும் அந்த முடிவைப் பார்க்க வழியில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு போன மருத்துவர் முடிவை நோயாளியிடம் சொல்லாமல் மருத்துவ மாநாட்டில் மட்டும் வாசித்தால் நாம் என்ன சொல்வோமோ, அதையே இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆத்தூர் ஒன்றியத்தின் பாடம்

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சிறுமலை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையில் கணவரை இழந்தவர், டெல்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவம் படித்தார். கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளையின் தென்னகப் பணியைக் காந்தி அவரிடம் ஒப்படைத்தார். 1952இல் ஆத்தூரிலிருந்து சட்டமன்றத்துக்கும் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய இரண்டோடு விரிவாக்கப் பணியையும் சம எடையில் மூன்றாவது கடமையாக வைத்துக்கொண்ட நிறுவனம் அது.

அதன் அருகிலேயே 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்னோடி நலவாழ்வுத் திட்டம் தொடங்கியது. அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும் துணை நின்றன. 1964இல் அது காந்திகிராம ஊரக நலவாழ்வு நிறுவனமாக வளர்ந்தது. தாய் சேய் நலம், தொற்றுநோய்த் தடுப்பு, சுற்றுப்புறத் தூய்மை, குடும்ப நலம் ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பார்க்காமல் ஒரே ஒன்றியத்தில் சேர்த்து நடத்தி, விளைவை அளந்து பார்ப்பதே நோக்கம். கிராமத் தலைவர்கள், பெண்கள், சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோர் வழியாகவே செய்தி சென்றது. ஒரு பணியாளர் எத்தனை வீடுகளைக் கவனிக்க முடியும், எந்த விளக்கம் எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்பதெல்லாம் ஆய்வுப் பொருளாயின. ஆயிரம் பேருக்கு 43 என்ற அளவிலிருந்த பிறப்பு விகிதம் 1968இல் 28 என்ற அளவுக்கு வந்தது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் உலகெங்கும் ஆத்தூரைக் கவனித்தார்கள்.

இந்த வெற்றியிலிருந்து நாடு எடுத்துக்கொண்டது என்ன என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆத்தூரில் பிறப்பு விகிதம் குறைந்ததற்குப் பின்னால் பேச்சும் நம்பிக்கையும் தொடர் கவனிப்பும் இருந்தன. தேசியக் குடும்ப நலத் திட்டமோ இலக்குகளையே பெரிதாகப் பிடித்துக்கொண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் வற்புறுத்தலின் பங்கு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கருத்தடை முறை வாரியான இலக்குகளை அரசு கைவிட 1996 ஏப்ரல் வரை ஆயிற்று. ஓர் ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சாத்தியமாக்கிய வழியை விட்டுவிட்டால், அறிவு மக்கள் மீது ஏவப்படும் ஆணையாகிவிடும். விளக்கம் கேட்கவும் மறுக்கவும் மக்களுக்கு இடம் இருப்பது ஆய்வின் பகுதிதான்.

செம்பட்டியும் வீராம்பட்டினமும்

ஆத்தூருக்கு அருகிலேயே, பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் சாலை பிரியும் செம்பட்டியில், இன்னொரு முயற்சி நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த முதல் கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் 2004 அக்டோபர் 18 அன்று தொடங்கிவைத்தார். திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய மூன்று இடங்கள் அப்போது செயற்கைக்கோள் வழியே சென்னையுடன் இணைந்தன. விவசாயிகள் வேளாண் விஞ்ஞானிகளிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம், தொலைவிலுள்ள மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம் என்பது ஏற்பாடு. சுவாமிநாதன் நிறுவனம் கன்னிவாடிப் பகுதியில் விவசாயிகளோடும் ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கத்தோடும் ஏற்கெனவே வேலை செய்துவந்ததால், செம்பட்டியில் கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள்.

இதற்கு வித்து 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் அதே நிறுவனம் அமைத்த அறிவு மையங்களில் போடப்பட்டது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு மறுநாள் அலையின் உயரம் எவ்வளவு என்பது உயிர்த் தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது யாரும் பார்க்கும்படி திறந்தே கிடந்தது. அறிவு மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தபோது, அதே போன்ற மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரைக் காலிசெய்யச் சொன்னது. மக்கள் உயிர் தப்பினார்கள். அன்றாடத் தேவைக்காகப் பழக்கப்பட்டிருந்த பாதையில்தான் ஆபத்துக் காலச் செய்தியும் வேகமாகப் போயிற்று.

ஆத்தூர், செம்பட்டி, வீராம்பட்டினம் மூன்றிலும் பொதுவாக இருப்பது கருவியோ பணமோ இல்லை. தகவலை எடுத்து, தமிழில் பிரித்து, குறிப்பிட்ட ஊருக்கும் நாளுக்கும் பொருத்திச் சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். அந்த ஆளுக்குச் சம்பளமும் பயிற்சியும் நிற்கும்போது செயற்கைக்கோள் இருந்தும் பயன் குறைவு.

சந்தாச் சுவர் இறங்கினாலும்

ஆய்விதழ்களின் சந்தாச் சுவரை இடிக்க வேண்டும் என்ற இயக்கம் 2002இன் புடாபெஸ்ட் அறிக்கையோடு உலக வடிவம் பெற்றது. இந்தியாவில் அதை ஓயாமல் வலியுறுத்திய தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் சென்னைக்காரர், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் இணைந்து பணியாற்றியவர். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகள் திறந்த களஞ்சியங்களில் இடம்பெற வேண்டும் என்று 2014 டிசம்பரில் கொள்கை வகுத்தன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கும் என்பது அறிவிப்பு. அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு. நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் விவசாயிக்கும், உள்ளூர்ப் பத்திரிகையாளருக்கும், ஊராட்சித் தலைவருக்கும் இதில் இடமில்லை.

சரி, இலவசமாகவே வைத்துவிட்டால் போதுமா? அதற்கும் விடை நம்மிடம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் எவரும் தரவிறக்கும்படி கிடைக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றியும் அங்கே தேடிப் படிக்கலாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், பெரும்பாலும் ஆங்கிலம், தேர்வாளருக்காக எழுதிய நடை. ஓர் ஊர்க்காரருக்குத் தேவையான இரண்டு வரி ஏழாம் இயலின் அட்டவணைக்குள் புதைந்திருக்கும். சட்டப்படி திறந்திருக்கிறது, நடைமுறையில் எட்டாத இடத்தில் இருக்கிறது.

அரைகுறையாக வந்து சேர்வது

இந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. இன்று ஊர்களில் வீட்டு வாசல் வரை வந்திருக்கும் அறிவியல் கருவி, தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்பவர் கையிலுள்ள டிடிஎஸ் மீட்டர். அதை டம்ளரில் முக்கினால் ஓர் எண் தெரிகிறது. கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம். ஆனால் அந்த எண் குரோமியத்தைத் தனியே காட்டாது, ஃபுளோரைடையும் காட்டாது. குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஃபுளோரைடுக்கு 1, உச்சமாக 1.5. டிடிஎஸ் குறைவாக இருக்கும் நீரிலும் இவை வரம்பு மீறலாம். மீட்டரின் எண்ணை நம்பி ஒருவர் வீணாகச் செலவு செய்யலாம், இன்னொருவர் வீணாக நிம்மதி அடையலாம்.

'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்பது இன்னொரு எடுத்துக்காட்டு. கிருமிகளைப் பொறுத்தவரை பொன்னான அறிவுரை. உப்பு, ஃபுளோரைடு, குரோமியம் ஆகியவற்றைக் கொதிக்கவைப்பது போக்காது. நீர் ஆவியாகக் குறைய, மீந்த நீரில் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நிலக்கோட்டைப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த ஊரில் காய்ச்சும் அறிவுரையை மட்டும் சொல்லிவிட்டு வருவது பாதிப் பணி. அதேபோல் சவ்வூடு வடிகட்டும் இயந்திரம் நல்ல நீரைத் தரும்போது, வடித்தெடுத்த உப்பு நீரைத் தனியே கழிக்கிறது. கேன் தண்ணீர் ஆலைகளின் அந்தக் கழிவு எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கமும் சேர்ந்து வந்தால்தான் அந்த அறிவு முழுமையாகும்.

திருப்பித் தரும் ஏற்பாடு

புதிய நிறுவனம் எதுவும் தேவைப்படாத சில வழிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று 2022இல் முடிவாயிற்று. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. குடிநீர் வாரியத்துக்கு ஆய்வுக்கூடங்கள் உள்ளன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்கும் முன்பே வெளியிடும் கடமையையும் அரசு அலுவலகங்களுக்குத் தந்திருக்கிறது. இத்தனையையும் மார்ச் 22 கூட்டத்தில் ஒரு பக்கமாக வாசிப்பதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை.

நூலகங்களும் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இத்துறையில் முன்னோடி, அதற்குப் பின்னால் எஸ்.ஆர். அரங்கநாதனின் பல்லாண்டு வாதாட்டம் உண்டு. சொத்து வரியோடு நூலக வரியை நாம் இன்றும் செலுத்துகிறோம். போட்டித் தேர்வு நூல்களுக்கு இடம் ஒதுக்கும் கிளை நூலகம், தன் வட்டாரத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கு ஓர் அலமாரி ஒதுக்கலாம். முழு ஆய்வேடு வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம், எந்தக் கிணறு, எந்த மாதம், என்ன அளவு, என்ன செய்யலாம் என்ற நான்கு விவரங்களோடு.

அந்த இரண்டு பக்கத்தை யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். ஆய்வு மாணவரின் முன்னேற்றம் ஆங்கில இதழ்க் கட்டுரைகளால் அளக்கப்படுகிறது. ஊரில் நின்று விளக்கிய பொழுதுக்கு அந்த அளவுகோலில் மதிப்பெண் இல்லை. எனவே நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை, விதி வேண்டும். ஊரில் மாதிரி எடுத்த எந்த ஆய்வேடும், அந்த ஊராட்சியில் முடிவுகளைத் தமிழில் வைத்ததற்கான சான்று இல்லாமல் ஏற்கப்படாது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்யலாம். விரிவாக்கத்தைத் தன் அடிப்படைக் கடமையாக அறிவித்த காந்திகிராமத்துக்கு இதைத் தொடங்கிவைக்கும் தகுதி உண்டு. ஆராய்ச்சிக்கு நிதி தரும் துறைகள் இதற்கான செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம்.

மறுப்புகள் எழும். கிணற்றின் நிலை வெளியே தெரிந்தால் நிலத்தின் விலை விழும் என்று உரிமையாளர் அஞ்சுவார். அவருடைய முடிவை அவரிடம் தனியாகவும், ஊரின் நிலையைப் பெயர் சொல்லாமல் பொதுவிலும் வைத்தால் அந்த அச்சத்தை ஓரளவு தணிக்கலாம். ஆலை நடத்துபவர் அளவீட்டை மறுப்பார். மறுக்கட்டும், மறு அளவீடு நடக்கட்டும். அந்த வாதம் ஊர் அறிய நடப்பதே நல்லது. மக்களுக்குப் புரியாது என்ற மறுப்பை மட்டும் ஏற்க முடியாது. பருத்தி விதை உற்பத்தியின் நுணுக்கங்களைக் கைக்கொண்டு சங்கம் நடத்தும் விவசாயிகளுக்கு ஒரு நீர் அட்டவணை புரியாமல் போகாது.

திருப்பிச் சொல்வதால் ஆய்வுக்கும் ஆதாயம் உண்டு. அட்டவணையை ஊரில் வைத்த உடனே கேள்விகள் வரும்: மழைக்கு முன் எடுத்ததா, பின்னா? பழைய கிணற்றிலா, புதுப் போரிலா, எத்தனை அடி ஆழம்? கோடையில் தண்ணீர் நிறம் மாறுமே, அப்போது ஏன் வரவில்லை? வெடிப்புப் பாறைக்குள் நீர் போகும் வழியை அறிய முயலும் எந்த நிலத்தடி நீர் ஆய்வாளருக்கும் இவை முதல்தரக் கேள்விகள். 467 கிணறுகளை எண்ணியவர்களுக்கு அவை தெரிந்திருக்கக்கூடும். அடுத்த ஆய்வின் வரைவு எழுதப்படும்போது அந்தக் கேள்விகளைக் கேட்பவர்களும் அறையில் இருக்க வேண்டும் என்பதையே நாம் கோர வேண்டும்.